பாரமகால் அடுக்களை: எழுதப்படாத ஒரு வரலாறு

வரலாறு என்றதும் நம் நினைவில் எழுவன கோட்டைகளும் கொத்தளங்களும், போர்களும் உடன்படிக்கைகளுமே. மன்னர்கள் அரியணை ஏறிய ஆண்டுகளை மனப்பாடம் செய்திருக்கிறோம். அம்மன்னர்களின் காலத்தில் குடிமக்கள் காலையில் எதைக் குடித்தார்கள், இரவில் எதை உண்டார்கள் என்று கேட்டால் விடை கூறத் தெரியாமல் விழிக்கிறோம். ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக உயிர் தரித்து வந்தது தன் அடுப்பங்கரையின் அறிவினாலேயே அன்றோ? அவ்வறிவின் கதையும் வரலாறே.

தமிழக முஸ்லிம்களின் உணவைப் பற்றிப் பேச்செழுந்தால் ஆம்பூர்ப் பிரியாணியையும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் வட்டிலப்பத்தையும் சொல்லி முடித்துவிடுகிறோம். விருந்துப் பண்டங்களுக்குக் கிடைத்த இந்தப் புகழ் அன்றாட உணவுக்குக் கிடைக்கவில்லை. கடலும் இல்லாத, வற்றாத வாய்க்காலும் இல்லாத தருமபுரி மேட்டு நிலத்தில் நம் குடும்பங்கள் நாள்தோறும் உண்டு வாழ்ந்த களிக்கும் கஞ்சிக்கும், புளிச்சாற்றுக்கும் வெல்லப் பண்டத்துக்கும் என்ன கதை இருக்கிறது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதி வைத்தவர்கள்

சமையல் முறையை நூலாக எழுதி வைப்பது இஸ்லாமிய உலகுக்குப் புதிதன்று. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் என்பவர் அப்பாஸியர் காலத்து உணவு வகைகளைத் திரட்டி ‘கிதாபுத் தபீக்’ என்னும் பெருநூலை எழுதினார். 1226-ஆம் ஆண்டில் அதே நகரில் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்-பக்தாதி அதே பெயரில் மற்றொரு நூலை இயற்றினார். அதற்கு 32 ஆண்டுகளுக்குப் பின், 1258-இல், ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாதைச் சூறையாடியது. மாளிகைகளும் நூலகங்களும் அழிந்தன. ஆயினும் அந்தச் சமையல் நூல் பிழைத்தது. அதன் கைப்பிரதி இஸ்தான்புல் நகரில் பாதுகாக்கப்பட்டு, 1934-இல் மோஸுல் நகரில் அச்சேறியது. நகரம் எரிந்த பின்னும் அதன் அடுக்களை மணம் ஏட்டில் நிலைத்திருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும் இம்மரபு இருந்தது. மாளவ நாட்டு மாண்டு நகரில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி புரிந்த சுல்தான் கியாஸுத்தீன், ஓவியங்களுடன் கூடிய ‘நிஃமத் நாமா’ என்னும் உணவு நூலை உருவாக்கச் செய்தார். அக்பர் அவையின் அபுல் ஃபஸ்ல் தம் ‘அயினே அக்பரி’யில் அரண்மனைச் சமையலைச் சேர் கணக்கில் நிறுத்து எழுதினார். அதில் கிச்சடிக்கு அரிசி, பருப்பு, நெய் ஆகிய மூன்றும் சம எடையில் சொல்லப்பட்டிருக்கின்றன. அரிசிக்குச் சமமாக நெய் வார்க்கக் கூடிய வீடு பேரரசரின் வீடாகத்தான் இருக்க முடியும்!

இந்நூல்கள் அனைத்தும் அரண்மனைச் சுவையைப் பாதுகாத்தன. நெய்யைக் கரண்டியால் அளந்து, புளியை உருட்டிப் பார்த்து, இருந்ததைக் கொண்டு எட்டுப் பேருக்கு வயிறார ஆக்கிப் போட்ட தாய்மாரின் அறிவை எழுத எந்த அவையிலும் எழுத்தர் இல்லை. தருமபுரியின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தகடூரும் பாரமகாலும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் வாழ்ந்த மண் இது. பிற்காலத்தில் இப்பகுதியும் கிருஷ்ணகிரிச் சீமையும் பாரமகால் என்னும் பெயர் பெற்றன. மைசூர் நவாப் ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் ஆண்ட இந்நிலம், 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடிகள், விளைபொருள், வரி என்று பகுதி பகுதியாகக் கணக்கெடுத்தார்கள். அவை ‘பாரமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் பின்னாளில் சென்னையில் அச்சாயின. அக்கணக்கின் நோக்கம் வரியே; அடுப்பு அன்று. சேலம் மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி 1965 அக்டோபர் 2-ஆம் நாள் தருமபுரி மாவட்டமாயிற்று. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

மைசூர் ஆட்சியின் எல்லையில் இருந்த காரணத்தால் இங்கு தக்கணி உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். ஒரு வீட்டில் பாட்டியை நானி என்பார்கள். அடுத்த வீட்டில் நன்னி என்பார்கள். பேச்சு வேறானாலும் அடுப்பில் ஏறிய தானியம் ஒன்றாகவே இருந்தது. அதுவே கேழ்வரகு.

கேழ்வரகின் வழி

தாவர நூலார் கேழ்வரகின் பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம் என்பர். நபித் தோழர்கள் முதன்முதலில் ஹிஜ்ரத் செய்து அடைக்கலம் புகுந்த அபிசீனியாவும் அம்மேட்டு நிலத்தைச் சேர்ந்ததே. அந்த ஹிஜ்ரத்துக்கு மிகப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே அத்தானியம் கடல் கடந்து தென்னாட்டு மண்ணில் வேரூன்றிவிட்டது. 1800-இல் மைசூர் நாட்டினூடே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்குப் புன்செய் நிலத்தில் விளையும் பயிர்களில் கேழ்வரகே முதன்மையானது என்றும், ஏழை எளியோரின் உணவு அதுவே என்றும் குறித்துச் சென்றார். அந்நாட்டை அடுத்த பாரமகாலின் நிலையும் அதுவே.

இத்தானியத்தின் பெருஞ்சிறப்பு அதன் பொறுமை. குறைந்த மழையில் விளையும். குதிரிலும் குழியிலும் கொட்டி வைத்தால் பல ஆண்டுகள் பூச்சி அணுகாமல் இருக்கும். தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் சொல்லும் 1876–78 பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் வாட்டியது. அத்தகைய பஞ்சங்கள் வந்து போன நாட்டில், சேமித்த கேழ்வரகு இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இருந்த வேறுபாடு சிறியதன்று.

இனி, களி ஆக்கும் முறையைக் கூறுவோம். நான்கு பேருக்கு இரண்டு ஆழாக்குக் கேழ்வரகு மாவு போதும். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு. அரை ஆழாக்கு அரிசி நொய்யை ஐந்து ஆழாக்குத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, உப்பிட்டு, கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். உடனே கிளறலாகாது. தணலைக் குறைத்து மூடி, மாவின் பச்சை மணம் நீங்கும் வரை கால் மணி நேரம் வேகவிட வேண்டும். பின்னர்த் துடுப்பினால் கட்டி விழாமல் அழுத்திக் கிண்டி, மீண்டும் சற்று நேரம் புழுங்கவிட்டு, ஈரக் கையில் ஒட்டாத பதத்தில் இறக்கி உருண்டையாக உருட்ட வேண்டும். கீரைக் கடையலோ, கொள்ளுச் சாறோ, வெள்ளிக்கிழமையாயின் ஆட்டுக்கறிக் குழம்போ துணை. மீந்த உருண்டையைத் தண்ணீரில் இட்டு வைத்து, மறுநாள் காலை மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்துடன் குடித்தால் அதுவே பசியாற்றும் பானம்.

நோயாளிக்கும் குழந்தைக்கும் களி ஆகாது, கஞ்சியே உகந்தது. இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு குவளைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் துழாவிக் காய்ச்சி, மாவு வெந்து பளபளத்ததும் ஒரு குவளைப் பாலும் சிறிது வெல்லமும் சேர்த்து இறக்கலாம். இதனைக் காணுந்தோறும் நமக்கு ‘தல்பீனா’ நினைவுக்கு வருகிறது. வாற்கோதுமை மாவினால் ஆக்கப்படும் அக்கஞ்சியை, நோயுற்றோருக்கும் துயருற்றோருக்கும் கொடுக்கும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவார்கள் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரத்தைத் தணிக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்தார்கள் என்றும் புகாரி ஷரீபில் காண்கிறோம். மரணம் நிகழ்ந்த வீட்டுக்கு அண்டை வீட்டார் கஞ்சி காய்ச்சி எடுத்துச் செல்லும் நம் ஊர் வழக்கத்தில் அதே பரிவு உறைந்திருப்பதைக் காணலாம். மதீனாவில் வாற்கோதுமை, தருமபுரியில் கேழ்வரகு. அந்தந்த மண்ணில் விளைந்தது அந்தந்த மண்ணின் துயரை ஆற்றியது.

இந்தியப் பேரீச்சை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் சாலையோரங்களிலும் வயல் வரப்புகளிலும் ஓங்கி நிற்பது புளியமரம். மாசி, பங்குனியில் புளி உலுக்கி, வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் ஓடுடைத்துக் கொட்டை நீக்கி அடுக்குவது இன்றும் காணக்கூடிய காட்சி. புளிக்கு அரபியர் இட்ட பெயர் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை. அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளில் புகுந்து ஆங்கிலத்தில் ‘டாமரிண்ட்’ ஆயிற்று. வியப்பு யாதெனில், இம்மரத்தின் தாயகமும் ஆப்பிரிக்காவே என்பதாகும். மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவில் குடியேறிவிட்டதால் அரபியர் அதை இந்தியப் பொருளாகவே கண்டார்கள்.

கெய்ரோவிலும் திமிஷ்கிலும் ரமளான் மாதத்தில் ‘தமர் ஹிந்தி’ப் பானம் விரும்பிப் பருகப்படுகிறது. நம் வீடுகளின் புளிப் பானகம் அதன் உடன்பிறப்பே. ஷர்பத் என்னும் சொல்லும் குடித்தல் எனப் பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்ததாகும். 1907-இல் டில்லி ஹகீம் ஹாபிஸ் அப்துல் மஜீது உருவாக்கிய ரூஹ் அஃப்ஸா முதலாகப் புட்டிப் பானங்கள் பல நம் இஃப்தார் விரிப்புக்கு வந்துவிட்டன. ஆயினும் செலவில் குறைந்ததும் செய்முறையில் எளியதும் பானகமே.

பெரிய எலுமிச்சை அளவு பழம் புளியை இரண்டு குவளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து இருமுறை வடிகட்ட வேண்டும். சுமார் 150 கிராம் வெல்லத்தை ஒரு குவளை நீரில் கரைத்து, மண் போக வடித்து இதனுடன் சேர்த்து, மேலும் ஒரு குவளைத் தண்ணீர் விட வேண்டும். கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து மண்பானையில் வைத்தால் அஸரில் செய்தது மக்ரிபுக்குள் குளிர்ந்துவிடும். நால்வருக்குப் போதும்.

அதியமான் குலமும் அல்வாவும்

இனிப்புக்கு வருவோம். கரும்பை இவ்வுலகுக்குக் கொணர்ந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். அதன் உண்மையை எவ்வாறு கொண்டாலும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தகடூர் மன்னர் குலத்தின் பெயர் கரும்போடு பிணைக்கப்பட்டிருந்தது தெளிவு. இன்றும் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன.

அல்வா என்னும் சொல்லோ அரபு நாட்டினது. இனிமை என்பது அதன் வேர்ப்பொருள். கோதுமையை ஊறவைத்துப் பால் பிழிந்து அல்வா கிண்டுவது பலரும் அறிந்த முறை. கோதுமை விளையாத இம்மேட்டு நிலத்தில் அதே முறை கேழ்வரகுக்கு மாற்றப்பட்டது. அரபுச் சொல்லும், தகடூர்க் கரும்பும், ஆப்பிரிக்கத் தானியமும் ஒரே வாணலியில் கூடிய இப்பண்டத்தை நம் பெண்மணிகள் எந்த நூலையும் பாராமல் ஆக்கினார்கள்.

ஒரு ஆழாக்குக் கேழ்வரகைக் கழுவி இரவு முழுதும் ஊறவைத்து, தண்ணீர் விட்டு நைய அரைத்து, துணியில் மும்முறை பால் பிழிய வேண்டும். மொத்தப் பால் நான்கு ஆழாக்கு இருக்கலாம். ஒன்றரை ஆழாக்கு வெல்லப் பொடியைக் கரைத்து வடித்து அதில் சேர்த்து, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் கை விடாமல் கிளற வேண்டும். இறுகத் தொடங்கியதும் நான்கு மேசைக்கரண்டி நெய்யைச் சிறிது சிறிதாக விட்டு, பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது ஏலப் பொடி தூவி, நெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவிட்டுத் துண்டு போடலாம். பெருநாளன்று காலைக்கு முதல்நாள் இரவே செய்து வைக்கத் தக்கது.

நோன்புக் கஞ்சி

மேலே சொன்னவை வீட்டு உணவு. ஊரே ஒரு குடும்பமாகி உண்ணும் உணவு நோன்புக் கஞ்சி. ரமளானில் பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய தேக்சாவில் கொதிக்கும் கஞ்சியை, சமயம் பாராது அண்டை அயலாரும் தூக்குப் பாத்திரம் கொண்டு வந்து வாங்கிச் செல்வது தமிழகத்துக்கே உரிய பெருவழக்கு. 2001 முதல் தமிழக அரசு இதற்கெனப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருவதும் நன்றியுடன் குறிக்கத் தக்கது.

வீட்டளவில் செய்ய, ஒரு ஆழாக்குப் பச்சரிசி நொய், கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றைக் கழுவி ஊறவைக்க வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மல்லி, புதினா வதக்கி, இருந்தால் கைப்பிடி கொத்துக்கறியும் சேர்த்து, பத்து ஆழாக்குத் தண்ணீரில் அரிசியையும் பருப்பையும் குழைய வேகவிட்டு, இறுதியில் அரை மூடித் தேங்காயின் பால் ஊற்றி ஒரு கொதியில் இறக்க வேண்டும். நொய்க்குப் பதிலாகச் சாமையை இட்டாலும் கஞ்சி நன்றாகவே அமையும். பென்னாகரம், அரூர்ப் பகுதிகளில் விளையும் சாமை இதற்கு மிக ஏற்றது.

அரிசி வந்த கதை

மேட்டு நிலத்து வீடுகளில் நெல்லுச் சோறு பெருநாளுக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்த காலம் ஒன்றுண்டு. கிணற்றுப் பாசனம் பெருகியது. ரேஷன் கடைகள் வந்தன. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தது. பசி தீர்ந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. பட்டினியை அறிந்த தாய்க்கு அந்த அரிசி பேரருளே.

ஆனால் அரிசியோடு ஓர் எண்ணமும் சேர்ந்து வந்தது. வெண்சோறு கௌரவம், களி வறுமையின் அடையாளம் என்னும் எண்ணமே அது. பெண் பார்க்க வந்தவர் முன் களியை மறைத்தார்கள். மருமகள் கற்றுக்கொள்ளவில்லை, மாமியார் கற்றுக்கொடுக்கவில்லை. துடுப்பு பரணுக்குப் போயிற்று.

இன்றோ நிலைமை திரும்புகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் நீரிழிவு உள்ளவர் என்று கண்டது. ஐக்கிய நாடுகள் சபை அதே 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தமிழக அரசும் அவ்வாண்டு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் அட்டைதாரருக்கு 2 கிலோ அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அறிவித்தது. களி ஒன்றே நோய் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. அளவும் துணைக்கறியும் எந்த உணவுக்கும் உண்டு. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. தானியம் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதை ஆக்கத் தெரிந்த கைகளோ முதுமையடைந்துவிட்டன. மாவை எந்நேரத்தில் கொட்டுவது, எப்போது கிளறாமல் இருப்பது என்பதை அரிசிக்கு ஈடாக எந்த ரேஷன் கடையிலும் வாங்க முடியாது.

நாம் செய்ய வேண்டுவது

பக்தாத் நூலுக்கு ஏற்பட்ட பேறு தருமபுரி அடுக்களைக்கும் ஏற்பட வேண்டுமானால், அதற்கு அரசவை எழுத்தர் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு போதும். நானியோ நன்னியோ இருக்கும் வீடுகளில், அவர்கள் சமைக்கும்போது அருகே அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு கை என்றால் அந்தக் கை எத்தனை கிராம் என்று நிறுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பண்டத்தின் பெயரை அவ்வீட்டில் வழங்கும் சொல்லாலேயே, உருதானாலும் தமிழானாலும் மாற்றாமல் குறியுங்கள். எந்த நாளில், யாருக்காக அது ஆக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கியது, நோன்பு திறக்க ஆக்கியது, மழை பொய்த்த ஆண்டில் ஆக்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அக்காரணமே வரலாறு.

இப்பணியைப் பெண்களுக்கு மட்டும் விட்டுவிடுவதும் முறையன்று. உண்டவர் அனைவருக்கும் அக்கடன் உண்டு. வருகின்ற ரமளானுக்கு முன் நம் வீட்டு மூத்தவரிடம் கேட்டு ஒரே ஒரு பண்டத்தையேனும் அளவோடு எழுதி, அதனை ஒருமுறை நம் கையாலேயே ஆக்கிப் பார்ப்போம். அவர் சுவைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால், அந்தப் பக்கத்தில் அவர் பெயரையும் தேதியையும் எழுதி வைப்போம்.